என்ஜினை அணைங்க தம்பி

அது மிதவை என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். சூரியன் நேர் எதிரே. ஏரி முழுக்க ஈயத்தை உருக்கி ஊற்றின மாதிரி மினுமினுப்பு. நண்பனுடைய சின்னப் படகு, பின்னால் ஒற்றை அவுட்போர்டு என்ஜின், ஸ்டீயரிங் என் கையில். ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பயம் விட்டுப்போயிருந்தது, பக்குவம் இன்னும் வரவில்லை. எந்த வண்டியிலும் ஆளைக் கொல்லும் பருவம் அதுதான்.

முன்னால் கறுப்பாக, உருண்டையாக ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மிதவையாக இருக்கும், இல்லாவிட்டால் நீர்க்காகம் என்று நினைத்தேன். இன்னும் நெருங்கினதும் அதன் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியது.

யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். அவர் வலது பக்கம் இருந்தார், நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். படகின் மூக்கு சட்டென்று விலகியது. 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தால், படகின் பின்பக்கம் அவரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தது. நுரை, அதன் நடுவே ஒரு முகம். ஒரு உள்ளங்கை படகின் பக்கவாட்டுப் பலகையில் 'தட்' என்று விழுந்து, தன்னைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொண்டது. அந்தக் கைக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருந்தது ஒரு முழம். அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை இறக்கி, வட்டம் அடித்து, அவரிடம் திரும்பி வந்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அறுபதை ஒட்டிய மனிதர். கருநீலத் தொப்பி. நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார், கண்ணைச் சுற்றி அது அழுத்தின வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் "சார், மன்னிச்சிருங்க, வெயில்ல..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல என்ஜினை அணைங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

"நியூட்ரல்லதான் சார் இருக்கு."

"அணைங்க."

அணைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் பக்கத்தில் வந்து படகைப் பிடித்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்."

"எப்போ?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவரைக் கரையில் கொண்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீந்தியே போனார். அவர் கரையேறும்வரை படகை அப்படியே மிதக்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ஜினைத் திரும்ப முடுக்கக் கை வரவில்லை.

துறைக்கு வந்து, அங்கே பல வருஷமாகப் படகு பார்த்துக்கொள்கிற ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல வேளை, கடைசி நேரத்தில் திருப்பிவிட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒரு பாராட்டு கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு. அவர் கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டு, "நீ திருப்பினதுதானடா தப்பு" என்றார்.

அன்றைக்கு அவர் கையில் கிடைத்த ஒரு துடைப்பக் குச்சியைத் தரையில் வைத்துக் காட்டின பாடம் இன்னும் மறக்கவில்லை. கார் ஓட்டிப் பழகினவன் கைக்கு, முன்பக்கம் எங்கே போகிறதோ பின்பக்கம் அதன் பின்னாலேயே வரும் என்பது ஊறிப்போயிருக்கும். படகு அப்படித் திரும்புவதில்லை. படகைத் திருப்புகிற விசை பின்னால் இருக்கிறது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் என்ஜின் படகின் வாலை வலது பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் மூக்கு இடது பக்கம் போகிறது. திருப்பத்தின் அச்சு படகின் நடுவுக்கும் முன்னால் எங்கேயோ இருக்கும். குச்சியின் முன்பகுதியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுழற்றிப் பாருங்கள். முன் நுனி ஒரு சாண் நகர்ந்தால் பின் நுனி ஒரு முழம் வீசும். நான் மூக்கை அவரிடமிருந்து விலக்கியதாக நினைத்த அதே நொடியில், என்ஜினின் அடியில் விசிறி மாதிரி சுழலும் புரொப்பல்லரை அவர் மேல் வீசியிருக்கிறேன்.

படகிலிருந்து ஒருவர் வலது பக்கம் விழுந்தால் வலது பக்கமே திருப்பு என்று சொல்லித்தருவதும் இதனால்தான். விழுந்தவர் பக்கமே திருப்பச் சொல்கிறார்களே என்று கேட்பவருக்குத் திகைப்பாக இருக்கும். திருப்பினால்தான் வால் அவரைவிட்டு எதிர்ப்பக்கம் விலகும். ஆனால் பெரியவர் அதற்கும் முந்தின பாடம் ஒன்று வைத்திருந்தார். "திருப்புறதைப் பத்தி அப்புறம் யோசி. கை மொதல்ல த்ராட்டிலுக்குப் போகணும், ஸ்டீயரிங்குக்குப் போகக்கூடாது." சுழலாத புரொப்பல்லர் வெறும் இரும்புத் துண்டு. அப்போதும் மோதினால் காயம் உண்டு, ஆனால் வெட்டு இருக்காது.

அந்த வெட்டைப் பற்றி ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். கீழே உள்ள பல்சக்கரங்கள் அதை ஏறக்குறையப் பாதியாக்குகின்றன. புரொப்பல்லர் 2,500 சுற்று. நொடிக்கு நாற்பதுக்கு மேல். மூன்று இதழ் என்றால் ஒரு நொடியில் 125 முறை ஓர் இதழ் அந்த இடத்தைக் கடக்கிறது. படகு 20 நாட் வேகத்தில், அதாவது நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்றால் ஒரு மனிதரின் உயரத்தைக் கடக்க ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு போதும். அந்த இமைப்பொழுதுக்குள் இருபது வெட்டு. இணையான கோடுகளாக விழும் அந்தக் காயங்களைப் பற்றி மருத்துவ நூல்களில் படிக்கலாம். நான் படித்தேன், படங்களைப் பார்க்காமல் தாண்டிவிட்டேன்.

புரொப்பல்லரைச் சுற்றிக் கூண்டு போட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. மெதுவாக ஓடுகிற மீட்புப் படகுகளுக்கும் பயிற்சிப் படகுகளுக்கும் அது நல்லதுதான். ஆனால் பத்து மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிற இரும்புக் கூண்டும் இரும்புதான். வெட்டுக்குப் பதில் அடி விழும். கூண்டை நம்பிக் கிட்டே போகிறவன் கூண்டு இல்லாதவனைவிட ஆபத்தானவன்.

'எப்போ பார்த்தீங்க' என்ற கேள்விக்கு வருகிறேன். அதுதான் என்னை அதிகமாகத் துன்புறுத்தியது.

நீந்துகிற மனிதரில் தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு பந்தின் பாதி. அதுவும் விட்டு விட்டு. மூச்சுக்குத் தலை திரும்பும்போது கொஞ்சம், கை எழும்போது கொஞ்சம். முழங்கால் உயர அலை இருந்தாலே போதும், பாதி நேரம் அவர் பள்ளத்துக்குள் இருப்பார். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு உருவம்தான், தலைக்கும் மிதவைக்கும் வித்தியாசம் தெரியாது. போலரைஸ்டு கண்ணாடி மினுமினுப்பை நன்றாகவே குறைக்கும். அது என் சட்டைப் பையில் இருந்தது.

இதோடு படகின் மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு மெதுவாகப் போனால் தட்டையாகப் போகும். நல்ல வேகமெடுத்துத் தண்ணீர் மேல் ஏறிவிட்டாலும் தட்டையாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்ட வேகம் இருக்கிறது. அப்போது வால் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் பல பத்து மீட்டர் தண்ணீர் மறைந்துபோகும். 'கூட்டமா இருக்கு, கொஞ்சம் மெதுவா போவோம்' என்று த்ராட்டிலைப் பாதி குறைக்கிற நல்லவர்கள் பெரும்பாலும் சரியாக அந்தக் கெட்ட வேகத்தில்தான் போய் நிற்பார்கள். அக்கறையோடுதான் குறைக்கிறார்கள், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். குறைப்பதென்றால் மூக்கு இறங்கும்வரை குறைக்க வேண்டும். பல நாடுகளில் கரையை ஒட்டி 5 நாட் என்று வரம்பு வைத்திருப்பது இதையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டர் வரை அந்த வரம்பு. நியூசிலாந்தில் கரைக்கு 200 மீட்டருக்குள்ளும், தண்ணீரில் இருக்கும் எந்த மனிதருக்கும் 50 மீட்டருக்குள்ளும் அதே 5 நாட். மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான்.

நியூசிலாந்து விதியில் எனக்குப் பிடித்தது அந்த 50 மீட்டர். அது மனிதரைச் சுற்றியே நகர்கிற வட்டம். அவர் எங்கே நீந்தினாலும் வட்டமும் கூடவே போகும். எனக்கும் அவருக்கும் இடையே அன்றைக்கு இருந்த ஒரு முழத்தை அந்த ஐம்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானும் திறந்த நீரில் நீந்தக் கற்றுக்கொண்டேன். பிராயச்சித்தம் என்றெல்லாம் பெரிய வார்த்தை போட மாட்டேன். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருக்கும், என்ன கேட்டிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. தெரிந்துகொண்டது இதுதான்: ஒன்றுமே தெரியாது.

முகம் தண்ணீருக்குள். இரண்டு மூன்று வீச்சுக்கு ஒரு முறை பக்கவாட்டில் வாயைத் திறந்து மூச்சு. எதிரே என்ன என்று பார்க்கத் தலையைத் தூக்குவது அவ்வப்போதுதான். தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் போகும், கழுத்து வலிக்கும். இருபது நொடிக்கு ஒரு தடவை தலை தூக்குவதாக வைத்துக்கொள்வோம். 20 நாட் வேகப் படகு அந்த இருபது நொடியில் 200 மீட்டர் வந்துவிடும். அதே நேரத்தில் நான் நீந்துவது பதினைந்து மீட்டருக்கு மேல் இருக்காது. போன தடவை தலை தூக்கியபோது எங்கோ தூரத்தில் பொம்மை மாதிரி இருந்த படகு, அடுத்த தடவை தூக்குவதற்குள் தலைக்கு மேல் இருக்கும்.

சத்தமாவது கேட்காதா என்பீர்கள். கேட்கும், பிரமாதமாகவே கேட்கும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் 340தான். அதில்தான் சிக்கல். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிவதற்கு ஒரு காரணம், அது ஒரு காதை எட்டி, ஒரு துளி நேரம் கழித்து இன்னொரு காதை எட்டுவது. தண்ணீரில் அந்த இடைவெளி நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை. உள்ளே ஒரு 'ங்ஞ்ஞ்' என்ற கம்பிச் சத்தம் மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி கேட்கும். அரை கிலோமீட்டரில் போகிற படகா, பின்னால் வருகிற படகா, சொல்ல முடியாது. முதல் தடவை அதைக் கேட்டபோது நடுநீரில் நின்று கிறுகிறுவென்று நாலு பக்கமும் திரும்பினேன். படகு ஏரியின் அக்கரையில் இருந்தது.

அதனால் 'அவர் ஒதுங்கியிருக்கலாமே' என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எதைப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்குவார்?

கடலில் கலங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1972-இல் வகுத்து 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் இருக்கின்றன. அதன் 5-ஆவது விதி சின்னது: ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும், கிடைக்கிற எல்லா வழியாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும். 6-ஆவது விதி, பாதுகாப்பான வேகம். எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதும் அந்த வேகத்தை முடிவு செய்கிற காரணங்களில் ஒன்று. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற விதிகளெல்லாம் கலத்துக்கும் கலத்துக்கும் இடையில்தான். நீந்துகிற மனிதர் கலம் இல்லை. அந்தக் கணக்கில் அவர் வரவே மாட்டார். சிலர் இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ அவருக்கு உரிமை இல்லைதானே' என்று கேட்பார்கள். நான் நேர்மாறாகப் புரிந்துகொள்கிறேன். இரண்டு பேர் பேசித் தீர்க்கிற விஷயமாக இருந்தால்தான் வழி யாருடையது என்ற கேள்வி வரும். இங்கே ஒருவரிடம் என்ஜின், கண் மட்டம், வேகம், பிரேக்குக்குச் சமமான த்ராட்டில், எல்லாம் இருக்கிறது. இன்னொருவரிடம் கை கால் இருக்கிறது. விலக முடிந்தவன்தான் விலக வேண்டும்.

தண்ணீருக்கடியில் முக்குளிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கொடி உண்டு. நீலமும் வெள்ளையுமாக, மீன்வால் மாதிரி பிளந்த 'ஏ' கொடி. சர்வதேசக் குறியீட்டில் அதன் பொருள்: என் ஆள் நீருக்கடியில் இருக்கிறார், மெதுவான வேகத்தில் நன்றாக விலகிப் போ. அமெரிக்கப் பக்கம் சிவப்பில் வெள்ளைக் குறுக்குப்பட்டை போட்ட கொடியும் பழக்கம். ஃபுளோரிடா சட்டப்படி அந்தக் கொடியிலிருந்து திறந்த நீரில் 300 அடி, ஆறு, கால்வாய்களில் 100 அடி விலகியிருக்கப் படகு முயல வேண்டும். அதற்கு மேல் கிட்டே போகத்தான் வேண்டுமென்றால் படகு நகர்வதற்கு வேண்டிய அளவு வேகம்தான்.

கொடியும் சட்டமும் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கொசுமெல் தீவருகே ஆங்கிலப் பாடகி கிர்ஸ்டி மக்கால் தன் மகன்களோடு முக்குளித்துவிட்டு மேலே வந்தார். படகுகள் வரக்கூடாது என்று ஒதுக்கியிருந்த இடம் அது. அங்கே ஒரு விசைப்படகு வந்தது. மகனைத் தள்ளிவிட்டு அவர் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். படகை ஓட்டியது நான்தான் என்று சொன்ன ஊழியருக்குக் கிடைத்த சிறைத் தண்டனை, 1,034 பெசோ அபராதமாக மாறியது. கிர்ஸ்டியின் குடும்பம் வருடக்கணக்கில் நியாயம் கேட்டுப் போராடியது. அந்தச் செய்தியில் என் கண் நிற்கிற இடம் தீர்ப்பு அல்ல. 'தள்ளிவிட்டு' என்கிற ஒரு சொல். ஓரிரு நொடிதான் இருந்திருக்கும். அதில் ஒருவரைத் தள்ளிவிட முடிந்திருக்கிறது, தானும் விலக முடியவில்லை.

இன்னொன்று, ஓட்டுகிறவனே நீந்துகிறவனாக மாறுகிற விபத்து. 2013 மே 5, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி, பேட்ஸ்டோ அருகே ஆற்று முகத்துவாரம். வேகமாகப் போன ஒரு ரப்பர் விசைப்படகு சட்டென்று திரும்பியதில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஆளில்லாத படகு நிற்கவில்லை. வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், மற்றவர்களில் சிலருக்குப் பலத்த காயம். ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்கிற கில் கார்டு மாட்டப்படவில்லை என்றது விசாரணை. ஒரு முனை தொடையிலோ இடுப்பிலோ, மறு முனை என்ஜின் சுவிட்சில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், என்ஜின் செத்துவிடும். சுருள் சுருளாக, பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான வேகப் படகுகளில் அந்தக் கில் கார்டு வசதி இருந்தால் மாட்டியே ஓட்ட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நான் பார்க்கிற படகுகளில் பாதியில் அது ஸ்டீயரிங்கில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது.

படகு ஏன் வட்டமடிக்கிறது என்று கேட்டால், கைவிட்ட ஸ்டீயரிங்கைப் புரொப்பல்லரின் சுழற்சியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நேராகப் போய்த் தொலைந்தாலாவது பரவாயில்லை. விழுந்தவர்கள் இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

ஜெட் ஸ்கீ வேறு மாதிரி. அதில் வெளியே புரொப்பல்லர் இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். முக்கால்வாசி ஜெட் ஸ்கீக்களின் திரும்பும் சக்தியே பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரில்தான் இருக்கிறது. ஆளைப் பார்த்துப் பயந்து புதியவன் த்ராட்டிலை விட்டுவிடுவான், பீய்ச்சு நின்றுவிடும், ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் அது நேரே போய் ஆள் மேல்தான் ஏறும். படகில் முதலில் த்ராட்டிலை விடு என்று மேலே எழுதினேன். இங்கே அந்தப் பாடமே தலைகீழ். அதனால் இதில் கடைசி நேரத் தந்திரம் என்று எதுவுமில்லை, முன்கூட்டியே தள்ளிப் போவது ஒன்றுதான் வழி.

எங்கள் கூட்டத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நங்கூரம் போட்டு எல்லாரும் குதித்து ஆடிக்கொண்டிருந்தோம். கிளம்பும் நேரம். ஓட்டுகிறவர் "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். "ஏறியாச்சு!" என்று ஐந்து குரல் ஒன்றாக வந்தது. சாவியில் கை வைத்துவிட்டார். யாரோ "பையன் எங்க?" என்று கேட்டார்கள். பையன் பின்பக்க ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், என்ஜினுக்கு ஓர் அடி தள்ளி, அதில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏறியவர்கள்தான் பதில் சொல்வார்கள். ஏறாதவன் எப்படிப் பதில் சொல்வான்? அன்று முதல் நான் கேட்பதில்லை, எண்ணுகிறேன். எண்ணிவிட்டுப் பின்னால் நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சாவியைத் தொடுவேன். வயசானவர் மாதிரி நடந்துகொள்கிறாய் என்று கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

அந்த ஏணிப் பக்கம் இன்னொரு எமனும் உண்டு. என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்க மேடையை ஒட்டிக் கார்பன் மோனாக்சைடு தேங்கும். வாசனை இல்லை, நிறமில்லை. தலை சுற்றும், மயங்கும், மூழ்கும். பார்க்கிறவர்கள் நீச்சல் தெரியாமல் போய்விட்டான் என்பார்கள். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாவெல் ஏரியில் ஒரு ஹவுஸ்போட்டின் பின்னால் நீந்திய இரண்டு சிறுவர்கள் அப்படித்தான் போனார்கள். என்ஜின் ஓடினால் பின்னால் யாரும் இல்லை என்பதுதான் ஒரே விதி. புகைக்கும் அதுதான், புரொப்பல்லருக்கும் அதுதான்.

நியூட்ரல் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த மனிதர் "அணைங்க" என்று ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று பிறகுதான் புரிந்தது. நியூட்ரலில் கியர் விடுபட்டிருக்கும், ஆனால் பல என்ஜின்களில் எண்ணெயின் பிசுக்கே புரொப்பல்லரை மெல்லச் சுற்றவைக்கும். அதைவிட, நியூட்ரலுக்கும் முன் கியருக்கும் நடுவில் இருப்பது ஒரு நெம்புகோலின் இரண்டு அங்குல அசைவு. ஒரு குழந்தையின் முழங்கை போதும். கைகொடுத்து ஆளைத் தூக்கக் குனிகிறவனின் இடுப்பு போதும்.

நீந்துகிறவர்கள் பங்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். அடித்தவன் அடிபட்டவனுக்குப் புத்தி சொல்கிற மாதிரி இருக்கும். நானும் இப்போது நீந்துகிறவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் தண்ணீரின் நிறம். அந்தத் தொப்பி போட்டால் நீங்கள் இல்லை. ஒளிரும் ஆரஞ்சோ மஞ்சளோ வேண்டும். அதைவிட நல்லது இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற ஆரஞ்சு மிதவைப் பை. தலை பாதிப் பந்து, இது முழுத் தலையணை. அலைப் பள்ளத்திலும் அமுங்காது. களைத்தால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். படகு போகும் வழியைக் குறுக்கே கடக்காமல் கரைக்கு இணையாக நீந்துவது, சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தைத் தவிர்ப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பவர்கள் கூட ஒரு வழிகாட்டிப் படகு இல்லாமல் இறங்குவதில்லை. அந்தப் படகைத் தொட்டால் நீச்சல் கணக்கில் சேராது. ஆனால் பெரிய கப்பல்களுக்கு அவரைக் காட்டிக்கொடுப்பது அந்தப் படகுதான்.

அன்றைக்கு நீந்திக்கொண்டிருந்த அந்த மனிதரை அப்புறம் மூன்று நாலு தடவை கரையில் பார்த்தேன். தொப்பி மட்டும் மாறியிருந்தது, பளிச்சென்று ஆரஞ்சு. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு தடவை, "இன்னைக்குத் தண்ணி எப்படி சார்?" என்று கேட்டேன். "குளிரு" என்றார். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

போன மாதம் காலையில் நான் தனியாக நீந்திக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து தள்ளி வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மண்டைக்குள் அந்தக் கம்பிச் சத்தம் ஆரம்பித்தது. நின்றேன், மிதவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். லேசான பனி மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பையை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கால் மட்டும் கீழே மிதித்துக்கொண்டிருந்தது.

சட்டென்று சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது, யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன அலை வந்து என்னைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தப் பக்கம் கையை ஆட்டினேன்.